காற்றில் கலந்த தூசியும் கலந்து பேசாத இலாகாக்களும்

தலைநகருக்கு வந்து படிக்கும் தமிழ் மாணவர்களுக்குக் காற்றைப் பற்றிய பேச்சு புதிதன்று. ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓய்ந்துவிடும் பேச்சு அது. வைக்கோல் புகை, வாகனப் புகை, வாணவேடிக்கைப் புகை என்று புகையின் வகைகளை எல்லாரும் ஒப்பிப்பார்கள். பள்ளிகளை மூடுவார்கள், நீதிமன்றம் கடிந்துகொள்ளும், அமைச்சர்கள் அண்டை மாநிலத்தைக் கைகாட்டுவார்கள். நல்ல காற்று நாலு நாள் வீசியதும் எல்லாம் மறந்துபோகும். இந்தப் பருவகாலப் பேச்சில் அநேகமாக இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நம் மூச்சோடு உள்ளே போகும் பிளாஸ்டிக்கே அது.

"பிளாஸ்டிக்கை மூச்சிழுப்பதாவது!" என்று சிரிப்பவர்கள் உண்டு. சன்னல் வழியே வெயில் சாய்வாக விழும்போது அந்த ஒளியில் மிதந்து திரியும் துகள்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவற்றுள் பல நூலிழைகள். நம் பாட்டனார் காலத்தில் அவை பருத்தியாகவும் கம்பளியாகவும் இருந்தன. இன்று நாம் உடுத்துவது பாலியெஸ்டர், போர்த்துவது அக்ரிலிக், மிதிப்பது நைலான் விரிப்பு. உதிர்வதும் அவையே. தெருவில் இறங்கினால் டயர் தேய்ந்த தூள். குப்பை மேட்டருகே சென்றால் வெயிலில் நொறுங்கிய பைகளின் பொடி. நெகிழி என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறோம். காய்ந்து பொடியான பிறகு அதில் நெகிழ்வு ஏது?

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு தாம்ப்சன் 2004-ஆம் ஆண்டு கடலில் கிடந்த இத்தகைய நுண்துகள்களைப் பற்றி எழுதினார். அன்று முதல் உலகம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது. காற்றைப் பார்த்தவர்கள் பின்னரே வந்தார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீசு மலையில், ஊரும் ஆலையும் அருகில் இல்லாத ஓரிடத்தில், நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சராசரி 365 பிளாஸ்டிக் துகள்கள் வானிலிருந்து விழுகின்றன என்று 2019-இல் கண்டார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அரசு பாதுகாத்து வரும் காடுகளிலும் வனாந்தரங்களிலும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் விழுவதாக 2020-இல் ஒரு கணக்கு வந்தது. அதே பகுதியின் காற்றிலுள்ள நுண்பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு 84 பங்கு சாலைகளிலிருந்து எழுவது என்று 2021-இல் மதிப்பிட்டார்கள். 2022-இல் இங்கிலாந்தில் ஹல் நகர ஆராய்ச்சியாளர்கள், அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களின் நுரையீரல் திசுவை ஆராய்ந்தபோது 13 மாதிரிகளில் 11-இல் பிளாஸ்டிக் இருந்தது.

நுரையீரலில் இருக்கிறது என்பதாலேயே நோய் வந்துவிட்டது என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது. எவ்வளவு போனால் என்ன கேடு என்று யாரும் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்திருக்கிறது. 1990-களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், நைலான் இழையைப் பொடிப் பொடியாக வெட்டித் துணியில் ஒட்டும் ஆலையொன்றில் வேலை செய்தவர்களுக்கு ஒரு புதுவகை நுரையீரல் நோய் கண்டது. மருத்துவர்கள் அதற்கு அத்தொழிலின் பெயரையே இட்டார்கள். நிறைய மூச்சிழுத்தால் கேடு உண்டு என்பதற்கு அந்தத் தொழிலாளிகளே சாட்சி. கொஞ்சம் கொஞ்சமாக ஐம்பது ஆண்டு இழுத்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் எல்லாருக்கும் உரிய கேள்வி.

இனி, நிறைய மூச்சிழுப்பவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். டில்லியிலிருந்து வடக்கே ரயிலேறினால் இரண்டு மணிக்குள் வந்துவிடும் பானிப்பட்டைச் சொல்கிறேன். சரித்திர வகுப்பில் மூன்று போர்களுக்காக மனப்பாடம் செய்த ஊர். இன்று அங்கே நடப்பது வேறு. மேல்நாட்டார் உடுத்திக் கழித்த துணிகள் கப்பலில் காண்ட்லாத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து பொதி பொதியாகப் பானிப்பட்டுக்கு வருகின்றன. பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிரித்ததை இயந்திரம் பற்களால் கிழித்துப் பஞ்சாக்குகிறது. அந்தப் பஞ்சு மறுபடி நூலாகிக் கம்பளியாகிறது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தவர்களுக்கு நிவாரணமாகக் கொடுக்கும் மலிவான கம்பளிகளில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததே. பழந்துணியை வீணாக்காத இந்தத் தொழிலை நான் பெரிதும் மதிக்கிறேன். உலகம் இன்று புதிதாகக் கண்டுபிடித்தது போல் பேசும் மறுசுழற்சியைப் பானிப்பட்டு பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. ஆனால் வந்திறங்கும் துணியில் செயற்கை இழையின் பங்கு வளர்ந்திருக்கிறது. பாலியெஸ்டர்க் கம்பளி நெய்யும் ஆலைகளும் பெருகியிருக்கின்றன. கிழிக்கும் இயந்திரத்தருகே நிற்பவர் முகத்தில் கட்டியிருப்பது பெரும்பாலும் ஒரு கைக்குட்டை.

பருத்திப் பஞ்சின் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதை நம் நாடு என்றோ ஒப்புக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மருத்துவர் கண்டால் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் அந்தப் பஞ்சு நோயைச் சேர்த்தது. கோவை ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் நம் சங்கத்திலேயே உண்டு; அந்த இருமல் எப்படிப்பட்டது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பஞ்சு மாறிவிட்டது. பட்டியல் அதற்கேற்ப வளர்ந்ததா?

இங்கேதான் நம் ஆட்சி முறையின் முடிச்சு இருக்கிறது. காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் யாருடைய பொறுப்பு? துணி ஜவுளி அமைச்சகத்தைச் சேர்ந்தது. டயர் கனரகத் தொழிலையும் சாலைப் போக்குவரத்தையும் சேர்ந்தது. குப்பை நகராட்சியைச் சேர்ந்தது. தொழிலாளியின் நுரையீரல் தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்துவிடுகிறார். காற்று மட்டும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. தூசிக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது.

ஒவ்வோர் இலாகாவும் தன் வழியில் நல்லதையே செய்கிறது. கூட்டிப் பார்த்தால்தான் கோணல் தெரிகிறது. செயற்கை இழைத் துணி உற்பத்தியைப் பெருக்க 2021-இல் 10,683 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் வந்தது. வேலை வாய்ப்புக்கு அது நல்லதே. கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலை போட 2015-இல் மத்திய அரசு வழிகாட்டியது. அந்த முறையைக் கண்ட மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது தமிழர் யாவரும் பெருமைப்பட்டோம். குப்பையில் எரியவேண்டியது சாலையில் உறங்கினால் நன்மைதான். அந்தச் சாலை பத்து ஆண்டு தேயும்போது காற்றில் என்ன சேர்கிறது என்பதையும் கூடவே அளந்து வரவேண்டும் என்று சொன்னால் அது அந்தப் பேராசிரியரைக் குறைத்துப் பேசியதாகாது. அளக்கச் சொல்லவேண்டியது சாலை இலாகாவா, காற்று இலாகாவா என்பதே கேள்வி.

தேசியத் தூய காற்றுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தொடங்கி 131 நகரங்களுக்கு விரிந்த திட்டம் அது. செலவான பணத்தில் நூற்றுக்கு 64 பங்கு சாலைத் தூசியை அடக்கவே போயிற்று என்று டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்கிட்டுக் காட்டியது. தண்ணீர் தெளிக்கும் வண்டி, பெருக்கும் இயந்திரம், புகைபோல் நீர் உமிழும் பீரங்கி! சாலைத் தூசியில் டயர்த் தூளும் அடக்கம். தெளித்த நீர் அதை வடிகாலுக்குக் கொண்டுபோகிறது; வடிகால் யமுனைக்குக் கொண்டுபோகிறது. பெருக்கி அள்ளியதைத் திறந்த வெளியில் கொட்டினால், காய்ந்ததும் அது மறுபடி எழும். ஓர் இலாகா அடக்கிய தூசி அடுத்த இலாகாவின் தலையில் விழுகிறது, அவ்வளவே. மின்சார வண்டிகள் பெருகினால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கும் ஒரு சொல்: புகைக்குழாய் போய்விடும், டயர் போகாது. மின்கலத்தின் கனத்தால் தேய்மானம் கூடவும் கூடும். ஐரோப்பியர் இதை உணர்ந்தே 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகளில் பிரேக் தூசியையும் டயர்த் தேய்மானத்தையும் வரம்புக்குள் கொண்டுவந்தார்கள்.

நம் சட்டத்தில் நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லே இல்லை என்று சொல்லமாட்டேன். 2024-இல் பிளாஸ்டிக் கழிவு விதிகளைத் திருத்தியபோது, 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள, நீரில் கரையாத பிளாஸ்டிக் துகள் என்று இலக்கணம் வகுத்தார்கள். மக்கிப்போகும் பிளாஸ்டிக் என்று விற்பவர்கள் இதை மிச்சம் வைக்கக்கூடாது என்பதற்காக வந்த இலக்கணம் அது. விஞ்ஞானிகளோ 5 மில்லிமீட்டர் வரை கணக்கில் சேர்ப்பார்கள். காற்றுக்கென்று 2009-இல் வகுத்த தரப்பட்டியலில் 12 பொருள்கள் உண்டு. அவற்றுள் பிளாஸ்டிக் இல்லை. நுண்துகளை அங்கே நிறுத்துப் பார்க்கிறார்கள். எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கரித்தூளும் கம்பளி இழையும் தராசில் ஒன்றே.

கலந்து பேசாமல் செய்யும் நன்மை எப்படித் தீமையாகும் என்பதற்கு வடநாட்டில் ஒரு பாடமே இருக்கிறது. நிலத்தடி நீர் வற்றுகிறது என்று பஞ்சாபும் அரியானாவும் 2009-இல் சட்டம் செய்தன. ஜூன் நடுப்பகுதி நெருங்கும் வரை நாற்று நடக்கூடாது என்பது அதன் சாரம். நீரைக் காக்கும் நோக்கம் குற்றமற்றது. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமை விதைக்க இடையில் சில வாரங்களே மிஞ்சும். உழவர் வைக்கோலுக்குத் தீ வைத்தார். முன்னர் காற்றோட்டமுள்ள நாட்களில் கலைந்துபோன புகை, காற்று அடங்கும் ஐப்பசிக் கடைசியில் வந்து டில்லியின் மேல் கவிந்தது. நீர்க்காரரும் காற்றுக்காரரும் உழவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தக் கணக்கை ஒரு மாலையில் போட்டிருப்பார்கள். பேசவில்லை. பிறகு 2020-இல் அவசரச் சட்டம் வந்து, 5 ஆண்டு சிறை, 1 கோடி ரூபாய் அபராதம் என்று மிரட்டியது. உழவர் தலைநகரின் எல்லையில் வந்து உட்கார்ந்தார்கள். 2021-இல் நிறைவேறிய சட்டத்தில் உழவரை அந்தத் தண்டனையிலிருந்து விலக்கினார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்கள்.

அந்தச் சட்டத்தால் அமைந்ததே தலைநகர்ப் பகுதிக் காற்றுத் தர ஆணையம். டில்லிக்கும் பஞ்சாப், அரியானா, இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான அமைப்பு. பானிப்பட்டின் தறியும் டில்லிச் சாலையும் காஜிப்பூர்க் குப்பை மலையும் அதன் ஆட்சிக்குள் வருகின்றன. 2024 ஏப்ரலில் அந்தக் குப்பை மலை பற்றி எரிந்தபோது சுற்றிலும் எத்தனை குடும்பங்கள் கண்ணெரிச்சலோடு இரவைக் கழித்தன! ஆக, பலரும் கூடிப் பேச மேடை இல்லை என்று சொல்லமுடியாது. மேடையில் யார் உட்காருகிறார்கள் என்பதே கவலை. அதிகாரிகளும் நிபுணர்களும் தன்னார்வ அமைப்பினரும் உட்காருகிறார்கள். கிழிக்கும் இயந்திரத்தருகே நிற்பவருக்கும் குப்பையில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் பிரிப்பவருக்கும் என்று ஒதுக்கிய நாற்காலி இல்லை. எந்த வகைத் துணி கிழிக்கும்போது அதிகம் பறக்கும், எந்தப் பிளாஸ்டிக்கை யாரும் வாங்காமல் எரித்துவிடுவார்கள் என்ற விவரமெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடத்தில் தெரியவருவதை அவர்கள் ஒரு பகலில் சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கூப்பிடுவது தயவன்று, தேவை.

கூட்டத்தின் முதல் வேலையாக அளவையே வைக்கவேண்டும் என்பேன். பாரிசில் ஒரு முறையிலும் பிரனீசில் ஒரு முறையிலும் எண்ணியதை ஒப்பிட முடியாமல் விஞ்ஞானிகளே திண்டாடுகிறார்கள். ஒருவர் விழும் துகளை எண்ணுகிறார். ஒருவர் மிதக்கும் துகளை எண்ணுகிறார். வடிகட்டியின் கண் ஒருவருக்குப் பெரிது, ஒருவருக்குச் சிறிது. ஐ.ஐ.டி.யும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் டயர்க் கம்பெனியும் தொழிலாளர் சங்கமும் ஒரே வடிகட்டியை, ஒரே முறையை முதலிலேயே ஒப்புக்கொண்டால், பின்னால் வரும் எண்ணை எவரும் மறுக்கமுடியாது. எண் வந்த பிறகு முறையைப் பற்றிச் சண்டையிடுவது, பந்தயம் முடிந்த பிறகு தூரத்தை அளப்பது போன்றது.

இதற்கு மறுப்புகள் உண்டு. நகரமே புகையில் மூழ்கும்போது பிளாஸ்டிக் இழையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பார்கள். எடையில் பார்த்தால் புகையே பெரிது. புகைக்கு ஒதுக்கிய பணத்தைப் பிடுங்கி இதற்குக் கொடுக்க நான் கேட்கவில்லை. எரியும் குப்பையை நிறுத்தினால் புகையும் குறையும், பொடியும் குறையும். ஆலையில் தூசியை உறிஞ்சி இழுக்கும் குழாய் அமைத்தால் பருத்தித் தூசும் போகும், பாலியெஸ்டர்த் தூசும் போகும். "எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது" என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்காக 2022-இல் நைரோபியில் உறுதி பூண்ட நாடுகள், 2024-இல் பூசானில் கூடி, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடி, ஒப்பந்தம் இன்றியே கலைந்தன. உற்பத்தியையே குறைக்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். கழிவை மட்டும் பேசுவோம் என்றனர் எண்ணெய் விற்கும் நாட்டினர். எல்லாரும் தலையசைத்தால்தான் முடிவு என்ற முறை, ஒருவர் கையில் எல்லார் கழுத்தையும் கொடுத்துவிடுகிறது. ஆகவே எல்லாரையும் கேட்கவேண்டும். எல்லாரும் இசையும்வரை காத்திருக்கக் கூடாது. கேட்பதற்கு ஒரு காலக்கெடு, அதன்பின் காரணங்களை எழுத்தில் வெளியிட்டு முடிவு, மூன்றாண்டுக்கொருமுறை மறுபரிசீலனை என்று வைத்தால் போதும்.

கேட்பது எந்த மொழியில்? தமிழ்ச் சங்கப் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுற்றுச்சூழல் விதி எதுவானாலும் வரைவை வெளியிட்டு, 60 நாள் மக்களின் கருத்தைக் கேட்பது நம் நாட்டு வழக்கம். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்குமாறு அவ்வாண்டு ஜூனில் டில்லி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. மீனவரையும் உழவரையும் தொடும் விதியை அவர்கள் படிக்கமுடியாத மொழியில் வைத்து "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்பது கேட்டதாகுமா? காற்றுத் தரம் மத்திய அரசு வகுப்பது. பானிப்பட்டுக்கு வரும் விதி திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் வரும். பின்னலாடையில் செயற்கை இழையைக் கூட்டவேண்டும் என்று திருப்பூர் முதலாளிகள் முனைந்திருக்கும் நேரம் இது. பானிப்பட்டிலோ பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அலுவலக இந்தி அவர்களுக்கும் அந்நியமே. மொழி என்றால் நம் தமிழை மட்டும் எண்ணிப் பேசவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

நம் சங்கத்தில் வேதியியல் படிப்போர் உண்டு, சட்டம் படிப்போர் உண்டு, பொருளாதாரம் படிப்போர் உண்டு. ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட இருபது பேர் ஒரு மாதம் கண்விழிக்கிறோம். அதில் பத்துப் பேர் ஒரு குழுவாக இருந்து, காற்றையும் பிளாஸ்டிக்கையும் பற்றி இனி வரும் ஒவ்வொரு வரைவையும் படித்து, எளிய தமிழில் நான்கு பக்கத்துக்குள் எழுதமுடியாதா? கலைச்சொல்லுக்கு அகராதியைப் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். தறிக்காரர் பஞ்சு என்றால் பஞ்சு என்றே எழுதுவோம், தூசு என்றால் தூசு என்றே எழுதுவோம். வரைவு வெளியான முதல் பத்து நாளுக்குள் அந்தத் தமிழ்ப் பிரதி திருப்பூரிலும் ஈரோட்டிலும் உள்ள சங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், தங்கள் ஆட்சேபனையைத் தாங்களே எழுதி அனுப்ப அவர்களுக்கு ஐம்பது நாள் மிஞ்சும்.